பக்கத்து ஜன்னலில் ரன்வே தெரிய வேண்டும்: வீட்டு ஃபிளைட் சிமுலேட்டருக்குப் பல மானிட்டர் அமைக்கும் வழி

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஃபிளைட் சிமுலேட்டர் மென்பொருளில், மதுரை விமான நிலையத்தின் 09 ரன்வேயிலிருந்து (கிழக்கு நோக்கிய ஓடுபாதை) செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் கிளம்பி, இடது பக்கமாக ஒரு சுற்று வந்து, அதே ரன்வேயில் இறங்கிப் பாருங்கள். ஏறியதும் ஒரு இடது திருப்பம், மறுபடி ஒரு இடது திருப்பம். இப்போது மேற்கு நோக்கிப் போகிறீர்கள். விமான நிலையத்தின் தரைமட்டமே சுமார் 460 அடி என்பதால் உயரமானி 1,500 அடியை ஒட்டிக் காட்டும். வலப்பக்கம் மதுரை நகரம், இடப்பக்கம் ரன்வே. ரன்வேயின் முனை இறக்கைக்கு நேராக வரும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். அது இறக்கையைத் தாண்டி 45 டிகிரி பின்னால் போனதும் அடுத்த திருப்பம்.

ஒரே மானிட்டர் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களுக்குக் கஷ்டம் தெரியும். இரண்டாவது திருப்பம் முடிந்ததுமே ரன்வே திரையிலிருந்து காணாமல் போய்விடும். பட்டனை அழுத்திப் பார்வையை இடப்பக்கம் திருப்பினால் ரன்வே கிடைக்கும், ஆனால் முன்பக்கமும் கருவிகளும் போய்விடும். பார்வையைத் திரும்ப முன்னால் கொண்டுவருவதற்குள் விமானம் இருநூறு அடி இறங்கியிருக்கும். கூடுதல் மானிட்டரின் தேவை எனக்குப் புரிந்தது இந்தச் சுற்றில்தான். படம் பெரிதாக இருப்பது ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். பக்கத்து ஜன்னல் பக்கத்திலேயே இருந்தால் விமானம் ஓட்டும் முறையே மாறுகிறது. அந்த ஜன்னல் சரியான இடத்தில், சரியான கோணத்தில் இருக்க வேண்டும். அதை எப்படி அமைப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எதை வாங்குவது

புதிதாகத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பில் மூன்று பெரிய மானிட்டர் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் மானிட்டரோடு, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 17 அல்லது 19 இன்ச் மானிட்டர் ஒன்றைக் கருவிகளுக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பறந்து பாருங்கள். பெரிய விமானங்களை ஆட்டோபைலட்டில் ஓட்டுபவருக்கு அதுவே போதும் என்று தோன்றலாம். அவர் பார்ப்பதெல்லாம் கருவிகளைத்தான். சிறிய விமானத்தில் தரையைப் பார்த்துப் பறப்பவருக்குத்தான் பக்கத்துத் திரைகள் அவசியம்.

மூன்று வாங்குவது என்று முடிவு செய்தால், மூன்றையும் ஒரே மாடலாக வாங்குங்கள். அளவு மட்டும் ஒன்றாக இருந்து நிறம் வேறாக இருந்தால், ஒவ்வொரு ஜன்னலிலும் வானம் ஒரு நீலத்தில் இருக்கும். கண் அதை மறக்காது.

ரெசல்யூஷனில் ஆசை வேண்டாம். 1920க்கு 1080 மானிட்டர் மூன்று சேர்ந்தால் சுமார் 62 லட்சம் பிக்சல். ஒரு 4கே திரைக்கு 83 லட்சம் என்பதால், இது அதைவிடக் குறைவு. 2560க்கு 1440 மூன்று என்றால் 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அதைச் சுமக்க விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்கள் 1080-லேயே நிம்மதியாக இருக்கலாம்.

இன்ச் டேப்பும் ஒரு கயிறும்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். நாற்காலியில் நீங்கள் வழக்கமாக எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரை எத்தனை செ.மீ. என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். யோக் (விமானத்தின் ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி) அல்லது ஜாய்ஸ்டிக் மேசைமேல் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். அது இருந்தால் நாம் தானாகவே கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருவோம். பலருக்கு 60 முதல் 75 செ.மீ. வரும். இனிமேல் எல்லாக் கணக்கும் இந்த எண்ணை வைத்துத்தான்.

கண்ணிலிருந்து திரையின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இரண்டு கயிறு இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நடுவே வரும் கோணம்தான் பார்வைக் கோணம். 27 இன்ச் மானிட்டரில் படம் தெரியும் அகலம் 59.8 செ.மீ. அதில் பாதி 29.9. தூரம் 60 என்றால், 29.9-ஐ 60-ஆல் வகுக்க 0.498. சயின்டிஃபிக் கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போட்டால் 26.5 டிகிரி. அதை இரண்டால் பெருக்கினால் 53 டிகிரி. அதே மானிட்டர் 70 செ.மீ. தூரத்தில் 46 டிகிரிதான் தரும். 32 இன்ச்சை 70-இல் வைத்தால் ஏறக்குறைய 54. 24 இன்ச்சை 60-இல் வைத்தால் 48.

இன்னொரு கோணமும் வேண்டும். பக்கத்து மானிட்டர் நடு மானிட்டரிலிருந்து எத்தனை டிகிரி தள்ளித் திரும்பியிருக்க வேண்டும் என்பது அது. இதற்கு மட்டும் மானிட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தையும் அகலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒவ்வொரு பக்கமும் 8 மி.மீ. என்றால் மொத்த அகலம் 61.4. அதே கணக்கைப் போட்டால் 54 டிகிரி வரும். ஆக, பார்வைக் கோணம் 53, திருப்பம் 54. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரின் பின்னால் ஒட்டிவையுங்கள்.

இந்த எண்களிலிருந்து மேசையின் அளவும் கிடைத்துவிடும். 27 இன்ச் மூன்றையும் இப்படி வளைத்து வைத்தால் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 134 செ.மீ. ஆகும். பக்கத்து மானிட்டர்கள் உங்களை நோக்கி 50 செ.மீ. முன்னால் வரும். நாலடி மேசையில் மானிட்டர்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் வேண்டும். தச்சரிடம் சொல்லி ஒரு பிளைவுட் பலகையை மேசைமேல் போட்டு அகலத்தைக் கூட்டிக்கொள்வது செலவு குறைந்த வழி.

கார்டின் பின்பக்கம்

கம்ப்யூட்டரின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டில் மானிட்டர் கேபிளைச் செருகும் இடங்களாகப் பெரும்பாலும் மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்.டி.எம்.ஐ.யும் இருக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் ஜீஃபோர்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் நான்கு திரை வரை தாங்கும். அதற்கு மேலே, யூ.எஸ்.பி. போர்ட்களோடு சேர்ந்து, மதர்போர்டிலும் ஒரு எச்.டி.எம்.ஐ. இருக்கலாம். அதில் எதையும் செருகாதீர்கள். நான் முதல் நாள் மூன்றாவது மானிட்டரை அங்கேதான் செருகினேன். படம் வந்தது, ஆனால் விமானம் திரும்பும்போதெல்லாம் வலது ஜன்னல் மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தது. ஒரு மாலை முழுவதும் செட்டிங்ஸில் தேடியபின்தான் கேபிளைப் பார்த்தேன்.

அடாப்டர் வாங்கும்போது திசையைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடாப்டர் ஒரு வழிப் பாதை. கார்டுப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. என்று இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு கடையில் “எந்தப் பக்கம் வேணும்னாலும் போடலாம் சார்” என்று சொல்லிக் கொடுத்ததை வீட்டில் திருப்பிப் போட்டேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. பழைய வி.ஜி.ஏ. மானிட்டரைக் கருவிகளுக்கு வைப்பதானால் அதற்கென உள்ள கன்வர்ட்டர் வேண்டும். இப்போதைய கார்டுகளில் வி.ஜி.ஏ. போர்ட் கிடையாது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மானிட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட் இழுக்கும். கம்ப்யூட்டர் தனி. 600 வி.ஏ. யூ.பி.எஸ். இந்த மொத்தச் சுமையைத் தாங்காது.

மேசையில் நிறுத்துவது

நடு மானிட்டரை முதலில் வையுங்கள். கண்ணின் உயரம் திரையின் நடுப்பகுதிக்கு நேராக வர வேண்டும். தொடுவானம் அங்கேதான் இருக்கும். அப்புறம் நாற்காலியின் தலைப்பகுதியில், கண் இருக்கும் இடத்துக்கு நேராக, ஒரு குச்சியை நிறுத்தி அதில் கயிற்றைக் கட்டுங்கள். கயிற்றின் நீளம் நீங்கள் அளந்த அதே 60 செ.மீ. அதன் முனை நடு மானிட்டரின் மையத்தைத் தொடுகிறதா பாருங்கள். பிறகு அதே கயிற்றை இடது மானிட்டரின் மையத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கும் அதே நீளத்தில் தொட வேண்டும், கயிறு திரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பள்ளி ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும். வலப்பக்கமும் அப்படியே. பத்து நிமிட வேலைதான், ஆனால் பின்னால் செட்டிங்ஸில் செலவாகும் பல மணி நேரத்தை இது மிச்சப்படுத்தும்.

மானிட்டரோடு வரும் ஸ்டாண்டின் கால்கள் ஒன்றோடொன்று இடித்தால், மேசை விளிம்பில் பிடிக்கும் ஆர்ம் வாங்கலாம். வாங்கும் முன் மானிட்டரின் பின்னால் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் இடைவெளி 100க்கு 100 மி.மீ. அல்லது 75க்கு 75 மி.மீ. இருக்கும். சில மலிவு மாடல்களில் துளையே இருக்காது.

இப்படி வைத்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடது மானிட்டரின் வெளி ஓரம் நேர் முன்பக்கத்திலிருந்து 80 டிகிரியில் முடிகிறது. இறக்கைக்கு நேர் என்பது 90 டிகிரி. இறக்கைக்கு 45 டிகிரி பின்னால் என்பது 135. அதாவது, நான் பார்க்க விரும்பிய அந்த ரன்வே முனை மூன்று மானிட்டர் வைத்தும் கடைசி நேரத்தில் நழுவிவிடுகிறது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜாய்ஸ்டிக்கின் ஹேட் ஸ்விட்சில் (கட்டைவிரலால் பார்வையைத் திருப்பும் சிறு பட்டன்) “இடது பின்பக்கம்” பார்வையைப் போட்டுவைத்து அந்த ஒரு கணத்துக்கு மட்டும் அழுத்துவது. இன்னொன்று, வலது மானிட்டரை எடுத்து இடது மானிட்டருக்கு அந்தப் பக்கம் இரண்டாவதாக வைப்பது. அப்போது இடப்பக்கம் 134 டிகிரி வரை தெரியும். ஏறத்தாழ வேண்டிய அளவேதான். நான் ஒரு மாதம் அப்படிப் பறந்தேன். இறங்கும் பயிற்சிக்கு அதைவிட நல்ல அமைப்பை நான் பார்க்கவில்லை. நாற்காலிக்கு வலப்பக்கமாகத்தான் போய்வர முடியும், வலது ஜன்னல் இருக்காது என்பவைதான் குறை. சுற்றுப் பயிற்சி மட்டும் செய்பவர்கள் தயங்காமல் இதைச் செய்யலாம்.

விண்டோஸில்

சிமுலேட்டரைத் திறக்கும் முன் விண்டோஸ் எல்லாத் திரைகளையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போங்கள். ஐடென்டிஃபை பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் ஒரு எண் வரும். மேசையில் இருக்கும் அதே வரிசையில் கட்டங்களை இழுத்து வையுங்கள். மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் இருக்கட்டும். எக்ஸ்டெண்ட் முறையைத் தேர்ந்தெடுத்து, நடு மானிட்டரை முதன்மைத் திரையாக்குங்கள். எல்லாவற்றுக்கும் ஸ்கேல் 100 சதவீதம், ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) ஒரே எண். ஒன்று 144, மற்றவை 60 என்று விட்டால் காட்சி திக்கித் திக்கி நகரக்கூடும்.

மானிட்டர்கள் எல்லாவற்றையும் ஆன் செய்தபிறகே சிமுலேட்டரைத் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். இடையில் ஒன்றை அணைத்தால் அதில் இருந்த ஜன்னல் வேறு திரைக்குத் தாவிவிடலாம்.

என்விடியா சரவுண்ட், ஏ.எம்.டி. ஐஃபினிட்டி என்று இரண்டு வசதிகள் உண்டு. இவை மூன்று மானிட்டரையும் சேர்த்து 5760க்கு 1080 அளவில் ஒரே நீளத் திரையாகக் காட்டும். அமைப்பது சுலபம். ஆனால் சிமுலேட்டர் அதை வளையாத ஒரே தட்டைக் கண்ணாடியாக நினைத்துப் படம் வரைவதால், ஓரங்களில் எல்லாம் இழுபட்டுப் போகும். பக்கத்தில் நிற்கும் விமானம் இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிக் கோணம் கொடுக்கும் வசதி சிமுலேட்டரில் இருந்தால் சரவுண்டைத் தொடவே வேண்டாம்.

எக்ஸ்-பிளேன் 12-இல் கோணம் கொடுப்பது

ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிக் கோணம் கொடுக்கும் அந்த வசதியை நேர்த்தியாகச் செய்திருப்பது எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர். செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பக்கத்துக்குப் போனால் மானிட்டர் கான்ஃபிகரேஷன் பகுதியில் உங்கள் திரைகள் எல்லாம் தெரியும். மூன்றுக்கும் ஃபுல்-ஸ்கிரீன் சிமுலேட்டர் என்று கொடுங்கள். பிறகு ஒவ்வொரு திரைக்கும் பார்வைக் கோணம், பக்கவாட்டுத் திருப்பம் என்ற இரண்டு எண்களை நிரப்புங்கள். மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிய தாளை இப்போது எடுங்கள். மூன்றுக்கும் பார்வைக் கோணம் 53. நடுத்திரைக்குத் திருப்பம் 0, இடதுக்கு மைனஸ் 54, வலதுக்கு 54. இடது வலது மாறித் தெரிந்தால் மைனஸ் குறியை மாற்றிப் போடுங்கள்.

முதல் முறை பார்க்கும்போது காக்பிட் மிக அருகில் இருப்பதுபோலத் தோன்றும். அகலப் பார்வைக்குப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் கோணத்தை மாற்றாதீர்கள், இரண்டு நாளில் பழகிவிடும். ரன்வே எவ்வளவு தொலைவில் இருக்கிறது, தரை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்ற உணர்வு சரியான கோணத்தில்தான் வரும்.

மூன்று காட்சியை வரைவதால் வேகம் குறையும். முதலில் நிழல், மேகம், கட்டடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறையுங்கள். செஸ்னாவுக்கு நொடிக்கு 30 ஃபிரேம் நிலையாக இருந்தால் போதும். 60-க்கும் 25-க்கும் நடுவே ஏறி இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் கூடுதல் ஜன்னல்களைத் திறக்கும் வசதி எக்ஸ்பெரிமென்டல் பகுதியில் உண்டு. அதில் ஒவ்வொரு ஜன்னலும் கார்டை நன்றாக வேலை வாங்கும். அதனால் முதலில் ஒன்று மட்டும், இடப்பக்கம், சேர்த்துப் பாருங்கள்.

கருவிகளுக்கு ஒரு தனித் திரை

சரியான பார்வைக் கோணம் வைத்தால் ஒரு சிக்கல் வரும். 27 இன்ச் திரை மேலிருந்து கீழாக 31 டிகிரிதான் காட்டும். ஜன்னலும் கருவிப் பலகையின் மேல் விளிம்பும் தெரியும், வேகமானியும் உயரமானியும் திரைக்குக் கீழே போய்விடும். பலர் இங்கேதான் மனம் மாறிப் பார்வைக் கோணத்தை அகலமாக்கி, அதுவரை செய்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழைய 17 இன்ச் மானிட்டர் இதற்குத்தான். நடு மானிட்டருக்குக் கீழே, யோக்குக்குப் பின்னால், கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

ஜி1000 போன்ற கண்ணாடிக் காக்பிட் (முள் கருவிகளுக்குப் பதிலாக டிஜிட்டல் திரைகள் உள்ளது) என்றால் வேலை எளிது. எக்ஸ்-பிளேனில் அந்தத் திரைமேல் கிளிக் செய்தால் அது தனியாக எழும்பும். மூலையில் உள்ள சின்னத்தை அழுத்தினால் தனி ஜன்னலாகும், அதை இழுத்துக் கீழே விடலாம். மைக்ரோசாஃப்டில் வலது ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். அங்கே ஒவ்வொரு முறை பறக்கும்போதும் திரும்பச் செய்வது அலுப்பு என்றால், பாப் அவுட் பேனல் மேனேஜர் என்ற இலவசச் சிறு மென்பொருள் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். முள் வைத்த பழைய வகைக் கருவிகள் வேண்டும் என்றால் ஏர் மேனேஜர் என்ற மென்பொருள் நன்றாக இருக்கும். அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதைத் தனியாக ஒரு டேப்லெட்டிலோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலோ ஓட்டலாம் என்பதால் கிராஃபிக்ஸ் கார்டின் நான்காவது போர்ட்டுக்கு வேலையில்லை.

சோதனைப் பறத்தல்

காற்று இல்லாத, மேகம் இல்லாத வானிலையைத் தேர்ந்தெடுங்கள். ரன்வேயில் நின்றபடி தொடுவானத்தைப் பாருங்கள். மூன்று திரையிலும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஏறி இறங்கியிருந்தால் அந்த மானிட்டரின் உயரத்தைக் கையால் சரிசெய்யுங்கள். எண்களைத் தொட வேண்டாம்.

அடுத்ததுதான் கடினமான சோதனை. மேலே ஏறி விமானத்தை 30 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். தொடுவானம் இப்போது ஒரு சாய்ந்த கோடு. அது இடது மானிட்டரிலிருந்து நடு மானிட்டருக்குத் தாண்டும்போது, சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து மறுபக்கம் நேராக வெளிவர வேண்டும். உடைந்ததுபோல் தெரிந்தால் திருப்பக் கோணம் தவறு, ஒவ்வொரு டிகிரியாக மாற்றிப் பாருங்கள். உடலைச் சாய்க்காமல், அளந்தபோது உட்கார்ந்த அதே இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். வேண்டுமென்றே தலையை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். கோடு சட்டத்தில் மடங்கிவிடும். திரும்ப நடுவுக்கு வந்தால் நேராகிவிடும். அப்படி நடந்தால் உங்கள் கணக்கு சரி.

இனி மறுபடி மதுரைக்குப் போகலாம். மேற்கு நோக்கிப் போகும்போது தலையை இடப்பக்கம் திருப்புங்கள், ரன்வே அங்கே இருக்கும். கண் மட்டும் கீழே போய் உயரமானியைப் பார்த்துவிட்டு வரும். ரன்வே முனை இடது திரையின் ஓரத்தைத் தொடும் இடம் இறக்கைக்குப் பத்து டிகிரி முன்னால் என்று தெரிந்துகொண்டால், வேகத்தைக் குறைக்கக் கை அங்கேயே தயாராகிவிடும். இரண்டு, மூன்று சுற்று ஒழுங்காக வந்ததும் சிமுலேட்டரின் மானிட்டர் பக்கத்தையும் விண்டோஸின் டிஸ்ப்ளே பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பித்த மறுநாள் திரைகளின் வரிசை மாறியிருந்தால், அந்த இரண்டு படங்களைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பழையபடி கொண்டுவந்துவிடலாம்.